விவசாயி தன் வயலிலேயே ஆராய்ச்சி செய்ய முடியுமா? அந்த முடிவை நம்பலாமா?

கேள்வி கேட்டவர், "ஆராய்ச்சி நிலையம் தரும் பரிந்துரையைப் பின்பற்றினால் போதாதா?" என்றும் சேர்த்திருக்கிறார். போதாது. மூடாக்கு (மண்ணை இலைதழையால் மூடிவைப்பது), ஊடுபயிர், பயிர்ச் சுழற்சி, பூச்சியைப் பூச்சியாலேயே அடக்குவது எல்லாம் மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறுகிற சங்கதிகள். எங்கோ ஒரு நிலையத்தில் கிடைத்த விடை உங்கள் வயலுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் வயல்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதை முறையாகக் கேட்க வேண்டும். நம்பகத்தன்மை அங்கேதான் இருக்கிறது.

மக்காச்சோளத்துக்கு இடும் யூரியாவைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று தெரிய வேண்டும், சரி. பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒரு வயலில் பழைய அளவு, பக்கத்து வயலில் குறைந்த அளவு. விளைச்சல் வேறுபட்டால் அது யூரியாவாலா, மண்ணாலா, முன்பு எங்கே தொழு உரம் கொட்டினோம் என்பதாலா? சொல்லவே முடியாது. அதனால் ஒரே வயலை நீளவாக்கில் 12 பட்டைகளாகப் பிரியுங்கள். அடுத்தடுத்த இரண்டு பட்டைகள் ஒரு ஜோடி, ஆக 6 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் எந்தப் பட்டைக்கு எந்த அளவு என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். நாமே தேர்ந்தெடுத்தால், மனதுக்குப் பிடித்த முறைக்கு நல்ல மண் தானாகப் போய்விடும். அறுவடையில் வரப்போரத்தையும் தண்ணீர் பாயும் வாய்ப்பகுதியையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு பட்டையின் நடுப்பகுதியை மட்டும் தனித்தனியாக எடை போடுங்கள்.

ஆறு ஜோடியிலும் ஒரே முறைதான் கூடுதல் விளைச்சல் தந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறைக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால், இப்படித் தற்செயலாக நடக்க 32-ல் 1 வாய்ப்புதான். நான்குக்கு இரண்டு என்று வந்தால் அவசரப்படாமல் அடுத்த பருவமும் செய்து பாருங்கள். நெல் என்றால் ஒரு எச்சரிக்கை: யூரியா தண்ணீரோடு கரைந்து பக்கத்துப் பட்டைக்குப் போய்விடும். நடுவில் வரப்பும் தனித்தனிப் பாய்ச்சலும் இல்லாமல் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1985-ல் தொடங்கிய 'பிராக்டிகல் ஃபார்மர்ஸ் ஆஃப் அயோவா' என்ற விவசாயிகள் அமைப்பு இந்த மாதிரிப் பட்டைச் சோதனைகளைத்தான் செய்துவந்தது. எதைச் சோதிப்பது என்று முடிவு செய்தவர்களும் விவசாயிகளே. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. விடை முன்கூட்டியே முடிவாகிவிட்ட செயல்விளக்கத் திடலை ஆராய்ச்சி என்று நான் ஏற்க மாட்டேன்.

அப்புறம் கல்வி. இப்படிக் கவனிக்கவும் சோதிக்கவும் விவசாயி கற்றுக்கொள்ள வேண்டுமே. இந்தோனேசியாவில் பூச்சிக்கொல்லி அடிக்க அடிக்க, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகியது. புகையானைத் தின்னும் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் மருந்தில் செத்துப்போனதே காரணம். 1986-ல் அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை செய்தது. ஆனால் கையிலிருந்த மருந்தைப் பறித்தால் மட்டும் போதுமா? 1989-ல் அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 பேர் பருவம் முழுக்க வாரம் ஒருமுறை வயலில் கூடுவார்கள். நெல் குத்துகளை (ஓரிடத்தில் சேர்த்து நட்ட பயிரை) ஒவ்வொன்றாகப் பார்த்து, எத்தனை புகையான், எத்தனை சிலந்தி, தண்ணீர் எவ்வளவு என்பதையெல்லாம் பெரிய தாளில் படமாக வரைந்து, மருந்து தேவையா என்று விவாதிப்பார்கள். வலை போட்ட தொட்டிச் செடிக்குள் புகையானையும் சிலந்தியையும் விட்டு, எது எதைத் தின்கிறது என்று கண்ணால் பார்ப்பார்கள். இளம்பயிரின் இலைகளை வேண்டுமென்றே வெட்டிவிட்டு, பயிர் எப்படித் தேறி வருகிறது என்று கவனிப்பார்கள். இலையில் நாலு ஓட்டை கண்டதும் மருந்துக்கு ஓடும் பயம் அப்படித்தான் விலகும். மேடைப் பேச்சால் விலகி நான் பார்த்ததில்லை.

விஞ்ஞானிகள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மருந்து எச்சத்தை அளப்பது, மண்ணில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதைக் கண்டறிவது, சோதனையை வடிவமைக்கத் துணை நிற்பது எல்லாம் அவர்களால் ஆகிற காரியம். கேள்வி மட்டும் வயலிலிருந்து வரட்டும்.

தொடங்க நினைக்கிறீர்களா? ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். அதை மட்டும் மாற்றி, விதை, விதைத்த நாள், களையெடுப்பு எல்லாவற்றையும் எல்லாப் பட்டைக்கும் ஒன்றாக வையுங்கள். மழை பெய்த நாளையும் அளவையும் அன்றன்றே எழுதிவையுங்கள். இரண்டு பருவ முடிவுகள் முரண்பட்டால் காரணம் தேட முதலில் அந்தக் குறிப்பைத்தான் புரட்டுவீர்கள்.