1930கள்ல செஞ்ச பெண் உருவ பிளாஸ்டர் சிலைல இருக்கிற பென்சில் குறிய துடைக்கலாமா?

துடைக்காதீங்க, ஈரத்துணிய கிட்டயே கொண்டு போகாதீங்க, பிளாஸ்டர் தண்ணிய குடிச்சு அழுக்கையும் சேர்த்து உள்ள இழுத்துக்கும்.

நீங்க சொல்ற 1930கள் பெண் உருவத்துல தோள், முட்டியில தெரியுற பென்சில் சிலுவையும் குட்டி ஆணித்தலையும் அனேகமா அளவுக்குறிங்க, அத வச்சுதான் பாயிண்டிங் மிஷின்ல, அதாவது சிலையோட அளவ கல்லுக்கு மாத்துற கருவில, ஆழம் பாத்துப் பாத்து அதே உடம்ப கல்லுல இறக்குவாங்க. அதே காலத்துல, பிரெஞ்சு சிற்பி மையோலோட 'காற்று'ம் 1938ல பிரான்ஸ்ல இருக்கிற துலூஸ் நகரத்துக்காக உருவாகி கல்லுல வடிச்ச பெண் சிலைதான். எனக்கு அந்தக் குறிங்கதான் ரொம்பப் பிடிக்கும், பட்டறை வேலை அப்படியே தெரியும்.

டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. குறிங்க உச்சந்தலை, மூக்கு நுனி, முட்டின்னு மேடான இடத்துலயே இருந்தா அதேதான். மெல்லிசா ஒரு கோடு மேடா ஓடுச்சுன்னா அது வார்ப்பு அச்சோட துண்டுங்க சேர்ந்த இடம், விரிசல் இல்ல.

ஆனா ஆணிய சுத்தி துருக்கறை பரவியிருந்தா உள்ள இருக்கிற கம்பியும் துருப்பிடிச்சிருக்கலாம், கன்சர்வேட்டர் (பழைய கலைப்பொருள்கள பாதுகாத்து சரிசெய்யுற நிபுணர்) பாக்குற வரைக்கும் தூக்கவே தூக்காதீங்க.