எந்த பிராண்ட் காரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டீர்கள்? ஏன்?

கேட்டவர் ‘இலவசமாகக் கொடுத்தாலும்’ என்பதை ஒரு பேச்சுக்குத்தான் சேர்த்திருப்பார். எனக்கு நிஜமாகவே ஒருவர் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்காக வீட்டில் விழும் திட்டு இன்னும் ஓயவில்லை. அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

நான் சென்னையில் ஆக்டிங் டிரைவர். மாதச் சம்பளத்துக்கு டிரைவர் வைத்துக்கொள்ளாதவர்கள் அன்றன்றைக்குத் தேவைக்குக் கூப்பிடுவார்களே, அந்த வேலை. ‘டிரைவருக்கு பிராண்டைப் பற்றி என்ன தெரியும்’ என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். ஒரு ஓனர் வாழ்நாளில் நாலைந்து வண்டி மாற்றினாலே அதிகம். எனக்குக் காலையில் அண்ணா நகரில் கியா, மதியம் மாம்பலத்தில் பழைய ஹோண்டா சிட்டி, ராத்திரி இசிஆரில் கல்யாணத்துக்கு பென்ஸ் என்று ஒரே நாளில் ஓடும். எந்த கிளட்ச் முழங்காலைக் கழற்றும், எந்த சீட் இடுப்பை ஒடிக்கும், எந்த ஏசி மே மாதம் கத்திப்பாரா நெரிசலில் கையை விரிக்கும் என்பதெல்லாம் யூடியூப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை.

சரி, பதில். இந்தியாவில் கடையைக் கட்டிவிட்டுப் போன கம்பெனியின் கார் எனக்கு வேண்டாம். போய்விடுவார்களோ என்று சந்தேகம் இருக்கும் கம்பெனியின் காரும் வேண்டாம். மற்றபடி எனக்கு எந்த பிராண்டோடும் பகை கிடையாது.

நீங்கள் இப்படிக் கேட்பதைப் பார்த்தால், பழைய கார் விளம்பரத்தில் ஏதோ ஒரு பெரிய வண்டி ஆல்டோ விலைக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘இவ்வளவு மலிவா, ஏன்?’ என்று உறுத்தியிருக்கும். அந்த உறுத்தலை நம்புங்கள்.

ஃபோர்டு வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எகோஸ்போர்ட் ஸ்டீயரிங் கைக்கு அடங்குவது போல வேறு எந்தச் சின்ன வண்டியிலும் எனக்கு அமைந்ததில்லை. நம்ம மறைமலை நகரில் செய்த வண்டி என்கிற பாசமும் உண்டு. 2021 செப்டம்பரில், இந்தியாவில் விற்கக் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று அவர்கள் அறிவித்தபோது, எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. சர்வீஸ் இன்றைக்கும் நடக்கிறது, மறுக்கவில்லை. மறைமலை நகரில் எஞ்சின் தயாரிக்க 2025-ல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தமும் போட்டிருக்கிறார்கள். நல்லது, வரட்டும். நான் பேசுவது ஓட்டுவதைப் பற்றி இல்லை, வைத்துக் காப்பாற்றுவதைப் பற்றி.

வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1998-ல் டேவூ மாட்டிஸும் ஹூண்டாய் சாண்ட்ரோவும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் சந்தைக்கு வந்தன. மாட்டிஸ்தான் அழகு என்று பலர் அதை எடுத்தார்கள். டேவூ கம்பெனியே திவாலாகிப் போனது. சாண்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையில் செய்தது, இன்னும் தெருவில் ஓடுகிறது. அப்புறம் ஓப்பல் போனது. செவர்லே 2017 கடைசியோடு விற்பனையை நிறுத்தியது. ஃபியட் 2019-ல். ஒரகடத்தில் செய்த டட்சன் 2022-ல். திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பாகங்களைப் பூட்டிக் கொடுத்த மிட்சுபிஷி லான்சருக்கு ஒரு காலத்தில் என்ன மவுசு! அதே வளாகத்திலிருந்து இப்போது சிட்ரோயன் வருகிறது. அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டை வைத்து, சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கம்பெனி வருவதையும் போவதையும் நம்மைப் போலப் பக்கத்தில் இருந்து பார்த்த ஊர் குறைவு.

மாடல் நின்றால் பயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டொயோட்டா எட்டியோஸை 2020-ல் நிறுத்தினார்கள். சென்னை டாக்சிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், கொடுத்துவிடு என்றால் அடிக்க வருவார்கள். கம்பெனி இருக்கிறது, ஸ்பேர் இருக்கிறது, கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஏரியாவிலும் இருக்கிறான். அம்பாசடர் 2014-லேயே நின்றுபோனது. அதை உளியும் சுத்தியலும் இருந்தால் ஓட்டிவிடலாம், அது வேறு ஜாதி வண்டி.

இப்போது என் கதை. அந்தக் காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன பட்டியலை வைத்துக்கொண்டு ஊகிக்கவும் வேண்டாம். சாருக்குத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் பெயரை வைத்தே அவரை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சார் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், முகப்பேர். அவருக்கு நான்தான் வழக்கமாக ஓட்டுவது. பெரிய செடான், ஆட்டோமேட்டிக். கதவைச் சாத்தினால் பீரோ கதவு மாதிரி ஒரு சத்தம் வரும். நெடுஞ்சாலையில் அது போகிற போக்கைப் பார்த்தால் சொர்க்கம். சிட்டிக்குள்தான் தகராறு. அதில் இருந்தது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், உலர் வகை. எண்ணெயில் முங்கிய கிளட்ச் என்றால் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். உலர் கிளட்சுக்கு அந்த வசதி இல்லை. நம்ம டிராஃபிக்கில் வண்டி நிற்கவும் நிற்காது, போகவும் போகாது. ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். சூடு ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் கம்ப்யூட்டர் ‘போதும்’ என்று கியரை விட்டுவிடும்.

சாருக்கு எழுபது முடிந்து திருக்கடையூரில் பீமரத சாந்தி. பொங்கல் நெருங்கிய நேரம், சென்னையே ஜிஎஸ்டி ரோட்டில் நின்றது. பெருங்களத்தூரில் ஆரம்பித்த ஊர்வலம் பரனூர் சுங்கச்சாவடி வரைக்கும் விடவில்லை. டோலுக்குக் கொஞ்சம் முன்னால் போர்டில் கியர் எழுத்து மினுக்கியது, வண்டி நியூட்ரலுக்குப் போய்விட்டது. பின்னால் இருந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சார் வீட்டு அம்மா மடியில் பூஜைச் சாமான் கூடை. சார் ஒன்றும் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சூடு ஆறட்டும் என்று காத்திருந்தோம். ஆறியும் கியர் விழவில்லை.

கடைசியில் செங்கல்பட்டிலிருந்து ஒரு எட்டியோஸ் வந்தது. சாமான்களை மாற்றும்போது அந்த டிரைவர் என் காதருகில், “இதையெல்லாம் ஏண்ணா வாங்குறாங்க?” என்றான். அவர்கள் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் டோயிங் வண்டியில் அந்தக் காரோடு சென்னைக்குத் திரும்பினேன்.

பக்கத்தில் இருந்த கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேறு பிராண்ட் போர்டு தொங்கியது. அதே ஆட்கள், சட்டைதான் வேறு. மிச்சமிருந்த ஒரு ஒர்க்‌ஷாப் ஊருக்கு வெளியே. அங்கே ஸ்கேனர் போட்டுப் பார்த்து, கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மாட்யூல், அதாவது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி, போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். எப்போது வரும்? “ஆர்டர் போட்டாச்சு சார்.” வாரம் தவறாமல் போன் செய்தேன். வாரம் தவறாமல் ஆர்டர் போட்டாச்சு.

சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் ஜிபி ரோடு முழுக்க அலைந்தேன். பிரேக் பேட், ஃபில்டர், பேரிங் என்றால் எடுத்துக் கொடுக்கிறார்கள். மாட்யூல் என்றதும் எந்த வண்டி என்று கேட்பார்கள், சொன்னதும் சிரிப்பார்கள். புதுப்பேட்டையில் ஒரு காயலாங்கடையில் அதே மாடல் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள், மாட்யூலும் இருந்தது. கையில் கிடைத்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்காரர் நேர்மையான ஆள். “தம்பி, இதை மாட்டினா மட்டும் ஓடாது. இது அந்த வண்டி நம்பருக்குப் பழகினது. கம்பெனி சாஃப்ட்வேர் போட்டு உங்க வண்டிக்கு மாத்திக் கொடுக்க ஆள் இருக்கா?” என்று கேட்டார். ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். பழைய சாமானில் கை வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். போன கம்பெனியாக இருந்தாலும் எஞ்சின் பிழைத்துக்கொள்வது உண்டு. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சின் ஸ்விஃப்டிலும் இருந்தது, டாடா விஸ்டாவிலும் இருந்தது. அதனால் ஃபியட் லீனியா வைத்திருப்பவருக்கும் எஞ்சின் வேலைக்கு ஆள் கிடைப்பான். அதே லீனியாவின் ஹெட்லைட் உடைந்தால்? பம்பர்? எலெக்ட்ரானிக்ஸ்? அவையெல்லாம் அந்த வண்டிக்கு மட்டுமே செய்தவை. இரும்பு கிடைக்கும், பிளாஸ்டிக்கும் சிப்பும் கிடைக்காது. இப்போது வரும் கார்களில் பாதி சிப்புதான்.

வண்டி ஒர்க்‌ஷாப் வாசலில் பல மாதம் கிடந்தது. மழையில் நனைந்து, எலி உள்ளே புகுந்து வயரிங்கையும் கடித்து வைத்தது. ஒருநாள் சார் கூப்பிட்டு, “நீயே எடுத்துக்கோப்பா. பணம் ஒண்ணும் வேண்டாம். நீதான் அலைஞ்சு திரிஞ்சு ரெடி பண்ணுவே” என்றார். பெரிய மனசு, அதில் சந்தேகமில்லை. அவர் வாங்கியபோது பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். வீட்டில் அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. “ஏங்க, ஊர்க்காரங்க காரையெல்லாம் துடைக்கிறீங்க, நம்ம வாசல்ல ஒண்ணு நிக்கட்டுமே.” அவள் தம்பி அதற்கும் மேல்: “மாமா, ரீல்ஸ் போட்டாலே போதும், கெத்து!” கொரட்டூரில் எங்கள் சந்தில் அது நுழையாது என்பது முதல் விஷயம். கியர்பாக்ஸ் வேலை, வயரிங், டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் கணக்குப் போட்டால் ஓடுகிற வேகன்-ஆர் ஒன்றை வாங்கிவிடலாம். அத்தனையும் செலவு செய்த பிறகு ஒரு ஆட்டோ இடித்து ஹெட்லைட் போனால் மறுபடி “ஆர்டர் போட்டாச்சு சார்”. மறுநாள் போய் சாரிடம் வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு ஒருத்தர் உதிரிக்காக அதை எடுத்துப் போனார். சார் இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார், வண்டிதான் வேறு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. எழுத உட்கார்ந்ததால் வருகிறது. பிராண்டைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறீர்கள், அதை ஓட்டுகிறவன் எங்கே ஒண்ணுக்குப் போவான் என்று யாராவது விசாரித்தது உண்டா? அரைக் கோடி ரூபாய் கார் நிற்கும் அடுக்குமாடியில் டிரைவருக்கு ஒரு கக்கூஸ் கிடையாது. இருந்தாலும் பூட்டு, சாவி செக்யூரிட்டியிடம், செக்யூரிட்டி டீ குடிக்கப் போயிருப்பார். லிஃப்டில் ஏறினால் எங்கே போகிறாய் என்று கேட்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் ‘டிரைவர்ஸ் கடைசிப் பந்தி’ என்று மைக்கில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ராத்திரி பதினொன்றரைக்கு நாவலூரில் வண்டியை விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தால், “எப்படிப் போவீங்க?” என்று கேட்பவர்கள் பத்தில் ஒருவர். கேட்கிறவர்கள் பெரும்பாலும் பழைய கார்க்காரர்கள். எல்லா ஓனரையும் சொல்லவில்லை. சாரும் அம்மாவும் என்னை உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்பவர்கள். உறுத்துகிறவர்களுக்கு உறுத்தட்டும்.

மறுபடி காருக்கு வருகிறேன். நான் பிறகு எடுத்தது பழைய வேகன்-ஆர்தான். ‘தகர டப்பா, உயிருக்கு உத்தரவாதம் இல்லை’ என்று எழுதுவீர்கள். ஒப்புக்கொள்கிறேன், இடித்தால் நசுங்கும். ஆனால் வெளிநாட்டுப் பெயர் இருந்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014-ல் இந்தியக் கார்களை மோதவிட்டுப் பார்த்தபோது ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்துமே பூஜ்யம் நட்சத்திரம். போலோ ஜெர்மன் வண்டி! ஏர்பேக் இல்லாத மாடலைச் சோதித்தார்கள். ஏர்பேக் வைத்த போலோ அப்புறம் நாலு நட்சத்திரம் வாங்கியது. ஆக பிராண்டைக் கேட்காதீர்கள், எந்த வேரியண்ட், எந்த வருஷம் என்று கேளுங்கள். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம்ம நாட்டுச் சோதனையே இருக்கிறது.

அந்த மலிவு வண்டியின் மேல் உங்களுக்கு இன்னும் ஆசை விடவில்லை என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மாடலையும் வருஷத்தையும் எழுதிக்கொண்டு ஜிபி ரோட்டுக்குப் போங்கள். ஹெட்லைட், முன்பக்கக் கண்ணாடி, ஸ்டீயரிங் ராக், பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் மாட்யூல், இந்த நாலுக்கும் விலை கேளுங்கள். விலை அதிகமாகச் சொன்னால் பேரம் பேசி வாங்கிவிடலாம், கவலையில்லை. “எந்த வண்டி?” என்று இரண்டாம் தடவை கேட்டு, பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றால் அப்படியே மெட்ரோ ஏறி வீட்டுக்குப் போய்விடுங்கள்.