பைலட் ஆகப் பட்டம் வேண்டுமா, காணியை ஈடு வைக்கலாமா?

கேள்வி: மகன் ஏ.எல். கணிதப் பிரிவில் சித்தியடைந்துவிட்டான். பைலட் ஆவேன் என்று ஒரே பிடியாய் நிற்கிறான். கனடாவில் இருக்கும் என் தம்பி பாதிச் செலவு தருவார். மீதிக்குக் கோப்பாய்க் காணியை ஈடு வைக்கலாமா? முதலில் பட்டம் படிக்கட்டும் என்கிறார் மனைவி.
(வாசகர், கொக்குவில்)

பதில்: ஐயா, லைசன்ஸுக்குப் பட்டம் தேவையில்லை. வர்த்தக விமானிக்குச் சர்வதேச அடிப்படை 18 வயது, வகுப்பு 1 மருத்துவச் சான்று, எழுத்துப் பரீட்சைகள், 200 மணித்தியாலப் பறப்பு (அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் 150). அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனமும் 2022இல் பட்ட நிபந்தனையைக் கைவிட்டது. அங்கே விமான நிறுவனத்தில் விமானியாகச் சேர, விமானத்துறைப் பட்டதாரிக்கு 1500க்குப் பதில் 1000 மணித்தியாலப் பறப்பு போதும் என்ற சலுகை உண்டு. அது அந்நாட்டு அரசு அங்கீகரித்த கல்லூரிகளுக்கு மட்டும். அதைக் காட்டி இங்கே யாராவது விலைகூடிய பட்டம் விற்றால் வாங்காதீர்கள்.

ஆனாலும் மனைவியின் பேச்சில் நியாயம் இருக்கிறது. மருத்துவச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு வலிப்பு வந்தாலே பறப்பு நின்றுவிடலாம். 2020இல் கொரோனாவால் உலகெங்கும் விமானிகள் வேலை இழந்தார்கள். அப்போது கைகொடுப்பது கணக்கியல், கணினி போன்ற வேறு துறைப் பட்டம்தான். இசட் புள்ளி போதுமென்றால் அரச பல்கலைக்கழகம்; இல்லையேல் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில் பதியலாம்.

எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் ஒரு சதம் கட்டுமுன் வகுப்பு 1 மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். நிறப்பார்வைக் குறைபாடு பலருக்கு அங்கேதான் தெரியவருகிறது.

பள்ளி தரும் விலை பெரும்பாலும் குறைந்தபட்ச மணித்தியாலத்துக்கானது. மழை, விமானப் பழுது, மறுபரீட்சை என்று அது ஏறும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்க முடியாதபோது கருவிகளைக் கொண்டே பறக்கும் தகுதி), இரட்டை எஞ்சின் பயிற்சி, தங்குமிடம் எல்லாம் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்ட வேண்டாம். பள்ளி மூடினால் மீட்பது கடினம். 10 அல்லது 20 மணித்தியாலப் பறப்புக்கு ஒருமுறை கட்டுங்கள். பலர் தடுக்கி விழுவது லைசன்ஸ் எடுத்தபின்: வேலை கிடைக்கும்வரை ரேட்டிங்கைப் புதுப்பிக்கக் காசு இராது. அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள்.

தம்பியின் பணத்தை ரூபாயாக மாற்றாமல் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் போடுங்கள். 2022இல் அமெரிக்க டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. 40,000 டொலர் கட்டணம் 80 இலட்சத்திலிருந்து 1 கோடி 44 இலட்சமானது.

காணியை இப்போது ஈடு வைக்காதீர்கள். தம்பியின் காசில் முதலில் தனியார் விமானி லைசன்ஸை (சம்பளத்துக்கு அல்லாமல் சொந்தமாகப் பறப்பதற்கான முதற்கட்ட லைசன்ஸ்) முடிக்கட்டும். குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு, கொழும்பை அடுத்த இரத்மலானையிலேயே செய்யலாம். மகனுக்குக் கைவருகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். அதன்பிறகு ஈடு வைத்தாலும், அடுத்த கட்டத்துக்கு வேண்டிய தொகைக்கு மட்டும் வையுங்கள்.