களி நல்லதா, பலா கூடாதா?

அன்புள்ள ஐயா,

பண்ருட்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். மாத்திரை வாங்க வருபவர்கள், "பலாச்சுளை தின்னலாமா சிஸ்டர்? களி தின்னா சுகர் ஏறாதாமே, யூடியூப்ல சொல்றாங்க" என்று கேட்கிறார்கள். மாத்திரை பற்றி என்றால் தயங்காமல் சொல்வேன். சாப்பாடு என்றதும் "அரிசியைக் குறைங்க" என்பதோடு நின்றுவிடுகிறேன். டாக்டரும் அதையேதான் சொல்கிறார். இந்தத் தயக்கம் எனக்கு மட்டும்தானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

உங்களுக்கு மட்டும் இல்லை. மருத்துவ மாணவர்களின் ஊட்டச்சத்துப் படிப்பு பற்றிய 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2019-இல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வந்தது. எந்த நாடானாலும் அந்தப் பாடம் போதவில்லை என்பதே அதன் முடிவு. உங்கள் டாக்டரை நொந்து பயனில்லை. யூடியூபில் பேசுபவருக்குத் தயக்கமே கிடையாது. அவர் எதிரே நோயாளியும் கிடையாது.

சரி, களிக்கு வருவோம். 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து ஏறக்குறைய 70 கிராம், அரிசியில் 78. அவ்வளவுதான் வித்தியாசம். நார்ச்சத்தும் கால்சியமும் கேழ்வரகில் பல மடங்கு அதிகம், அது உண்மை. ஆனால் சுகர் ஏறாது என்று நம்பி இரண்டு உருண்டை தின்றால் ஏறத்தான் செய்யும். ஒரு உருண்டை, கூடவே கீரையோ மீன் குழம்போ என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

பண்ருட்டிக்காரரிடம் பலாவைத் தொடாதே என்றால் யார் கேட்பார்கள்? சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இரண்டு சுளை தின்னட்டும். சிறுநீரகம் பழுதானவர் கதை வேறு. பலாவிலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் கூடினால் இதயத்துடிப்பே தடுமாறும். அவர்களுக்கு நீங்களாகப் பதில் சொல்ல வேண்டாம். ஜிப்மர் மாதிரி டயட்டீஷியன் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். அப்படி அனுப்பத் தெரிவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

அப்புறம், எதையும் சொல்வதற்கு முன் "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். பிரஷர்காரர் உப்பைக் குறைத்துவிட்டதாகச் சொல்வார். குழம்பில் போடும் உப்பைத்தான் சொல்கிறார். கருவாடும் ஊறுகாயும் அவர் கணக்கில் வராது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்கும் கீழே, ஒரு டீஸ்பூன்கூட முழுசாக இல்லை. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, பொறுமையாகக் கேட்டாலே போதும்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டருக்கும் ஒன்று அனுப்புங்கள்.