பனி உறைஞ்ச ஏர்போர்ட்ல விமானத்தைத் தரையில நகர்த்துறதுல அப்படி என்ன ஆபத்து?

கேள்வி கேட்டவரோட தம்பி டொரோண்டோல ஃப்ளைட் ஏறி உக்காந்தப்புறமும் ரொம்ப நேரம் கேட்லயே நிறுத்தி வெச்சிருந்தாங்களாம், பறக்கறதுல ஆபத்துன்னா புரியுது, தரையில உருள்றதுக்கு ஏன் இவ்ளோ பயம்னு கேக்கறார். நான் மீனம்பாக்கத்துல ராம்ப்ல, அதாவது விமானம் நிக்கற தளத்துல, வேலை ஆரம்பிச்சு, அப்புறம் கொஞ்ச வருஷம் கனடால அதே வேலை பாத்துட்டு இப்ப பழவந்தாங்கல்ல செட்டில் ஆனவன். மார்கழில 20 டிகிரி வந்தாலே குல்லா போடற ஊர்லேர்ந்து போனதால எனக்கும் மொதல்ல இது தலைகீழாத்தான் தெரிஞ்சுது. ஐஸ்ல விமானத்தை எப்படியாவது நகர்த்திடலாம் சார், நிறுத்தறதுதான் பெரிய பாடு.

விமானத்தோட சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே கிடையாது, அது சும்மா உருள்ற சக்கரம், பிரேக்கும் பெரும்பாலும் பின்னாடி இருக்கற மெயின் வீல்ல மட்டும்தான். அப்ப கேட்லேர்ந்து 70 டன்னுக்கு மேல இருக்கற ஒண்ணை பின்னாடி தள்றது எது, டோ டிராக்டரோட டயர் பிடிமானம் மட்டும்தான், அதுக்காகவே டிராக்டரை வேணும்னே கனமா செய்வாங்க. கீழ ஐஸ் இருந்தா டயர் நின்ன இடத்துலயே சுத்தும், டிரைவர் இன்னும் மிதிப்பார், திடீர்னு ஒரு காஞ்ச இடத்துல டயர் பிடிச்சு ஒரு வெட்டு வெட்டும் பாருங்க, டிராக்டரையும் விமானத்தையும் இணைக்கற டோ பார்ல இருக்கற ஷியர் பின், அதாவது பாரம் அதிகமானா உடையற முளை, பட்டுனு உடையும். நோஸ் கியர், அதாவது மூக்குப் பக்கத்து சக்கரக் கால், உடையக்கூடாதுன்னு அதை அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஆனா அது உடைஞ்ச நொடிலேர்ந்து விமானம் யார் கையிலயும் இல்ல. கீழ இருக்கறவர் பைலட்கிட்ட ஹெட்செட்ல "பிரேக், பிரேக்"னு கத்தினாலும் சக்கரம் லாக் ஆகி அப்படியே வழுக்கிட்டுப் போகும். திருப்பறப்ப இன்னும் மோசம், விமானத்தோட கனம் டிராக்டரையே பக்கவாட்டுல தள்ளிடும்.

1982 ஜனவரி 13, வாஷிங்டன், ஏர் ஃப்ளோரிடா 737. பனில பிடிமானத்துக்காக டயர்ல சுத்தற செயின் இல்லாத டிராக்டரால அதைத் தள்ள முடியல, பைலட்டுங்க இன்ஜின் காத்தை முன்பக்கமா திருப்பி விடற ரிவர்ஸ் த்ரஸ்ட் போட்டு பின்னாடி போகப் பாத்தாங்க, அதுவும் நகரல, கடைசில செயின் போட்ட வேற டிராக்டர் வந்து தள்ளுச்சு. டேக் ஆஃப் ஆன கொஞ்ச நேரத்துல பாலத்துல மோதி போட்டோமாக் ஆத்துல விழுந்துச்சு, மொத்தம் 78 பேர் செத்தாங்க. முக்கியக் காரணம் இன்ஜின்ல ஐஸ் பிடிக்காம இருக்கற ஆன்டி ஐஸைப் போடாததும் இறக்கையில பனியோட கிளம்பினதும்தான், ஆனா அந்த மாதிரி பனில ரிவர்ஸ் போட்டா அது கிளப்பற ஈரப்பனி இறக்கையிலயே வந்து ஒட்டும். இன்னிக்கும் எனக்கு இந்த கேஸ்ல உறுத்தறது அந்த செயின் இல்லாத டிராக்டர்தான்.

சரி, இன்ஜின் ஸ்டார்ட் ஆகி டாக்ஸி, அதாவது சொந்த இன்ஜின்ல தரையில ஓடறது. பைலட் ஒண்ணும் பண்ணலேன்னாலும் ஐடில்லயே, அதாவது குறைஞ்சபட்ச வேகத்துலயே, இன்ஜின் முன்னாடி தள்ளிட்டே இருக்கும், அதை பிரேக்ல பிடிச்சு பிடிச்சுதான் ஓட்டணும், ஐஸ்ல அந்த பிரேக்கே இல்லாத மாதிரி. காஞ்ச தரையில நேரா போறப்ப 20 நாட் (மணிக்கு சுமார் 37 கிமீ) வேகத்துக்கு மேல போறவங்க இங்க 10க்கும் கீழ ஊர்ந்துதான் போவாங்க. நோஸ் வீலை திருப்பினாலும் விமானம் நேராவே போகும். பக்கத்துலேர்ந்து காத்து அடிச்சா அந்தப் பெரிய வால் கட்டுமரப் பாய் மாதிரி காத்தை வாங்கி மூக்கை காத்து பக்கம் திருப்பிடும். நம்ம ஆளுங்க மைனஸ் 20ன்னா பயப்படுவாங்க, உண்மைல 0 டிகிரி பக்கத்துல ஐஸ் மேல மெல்லிசா தண்ணி நிக்குமே, அதுதான் ரொம்ப வழுக்கும். உறைபனி மூட்டத்துல நிக்கறப்ப இன்ஜின் ஃபேன்ல ஒட்டற ஐஸை உதறவும் நடுநடுவுல இன்ஜின் வேகத்தை ஏத்தணும், அப்ப பார்க்கிங் பிரேக் போட்டிருந்தாலும் விமானம் மெதுவா சறுக்கும், பின்னாடி நிக்கறவன் மேல ஐஸ் கட்டி பறக்கும்.

லேட்டுக்கு காரணமும் இதுலயே இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி ஐஸை நீக்க விமானத்து மேல அடிக்கற டீ ஐசிங் திரவத்துக்கு ஒரு டைம் லிமிட் உண்டு, ஊர்ந்து போறதுக்குள்ள அது முடிஞ்சா திரும்பப் போய் மறுபடி அடிச்சுக்கணும், அதை விட வழி க்ளியர் ஆகற வரைக்கும் கேட்லயே வெக்கறது எவ்வளவோ மேல். அந்த திரவமே தரையில சிந்தி வழுக்கும், இறக்கை எதுலயும் இடிக்காம பாத்துட்டு கூடவே நடக்கற விங் வாக்கர் பாவம்.

உப்பு போட்டா என்னன்னு இங்க எல்லாரும் கேப்பாங்க. அலுமினியம் அரிச்சிடும், அதனால பொட்டாசியம் அசிடேட் மாதிரி ஐட்டம்தான் போடுவாங்க, அதுவும் கார்பன் பிரேக்கை மெதுவா தின்னும், குளிர் ஊருக்கு அடிக்கடி போற விமானத்துல பிரேக்கை இதுக்குன்னே தனியா செக் பண்ணுவாங்க.