குத்தகைத் தோட்டக் களைக்கு விலை குறைந்த பெட்ரோல் ஸ்டிரிம்மர் (புல்வெட்டும் கைக்கருவி): எதை வாங்கலாம்?

இங்கிலாந்தில் குத்தகைக்குக் கிடைக்கும் முழு அளவு அலாட்மென்ட் தோட்டம் ஏறத்தாழ 250 சதுர மீட்டர். அதில் புல்லும் காஞ்சொறியும் மட்டுமே மண்டியிருந்தால் 25 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சினும் சுழன்று வெட்டும் நைலான் இழையும் போதுமானவை. பிராம்பிள் முட்புதர் இருந்தால், இழை தண்டில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும் என்பதால், உலோகத் தகடு பொருத்தத்தக்க, 30 சிசிக்கு மேற்பட்ட கருவியே ஏற்றது. உதிரிபாகம் கிடைக்காத மலிவான புதிய கருவியைவிட, நன்கு பராமரிக்கப்பட்ட பழைய கருவி மேல் என்பது என் கருத்து. டூ ஸ்ட்ரோக் எண்ணெயைக் கையேடு சொல்லும் விகிதத்தில் பெட்ரோலுடன் கலக்க வேண்டும். 40:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி எண்ணெய். 2021 முதல் அங்கே வழக்கமான பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுவதாலும், எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதாலும், எத்தனால் 5 சதவீதத்துக்கு மேற்படாத ஈ5 பெட்ரோலை ஊற்றுவதும் குளிர்காலத்துக்கு முன் தொட்டியைக் காலி செய்வதும் கார்புரேட்டரைக் காக்கும். பைண்ட்வீட் கொடியோ எத்தனை முறை வெட்டினாலும் வேரிலிருந்து துளிர்க்கும். அதற்கு ஸ்டிரிம்மர் போதாது, வேரைத் தோண்டி எடுக்க வேண்டும்.