வெப்பமானி 32 காட்டுகிறது, போன் 41 என்கிறது: எது சரி?

வீட்டு வெப்பமானி 32 காட்ட, போன் 41 என்கிறதே, வெப்பமானி பழுதா என்று கேட்டீர்கள்; ஈரச்சேலை தொங்கவிட்டும் இரவில் அறை அவிகிறது என்றும் சொன்னீர்கள். இரண்டுமே சரி, வெப்பமானியை மாற்ற வேண்டாம். 32 காற்றின் வெப்பம். 41 அதோடு ஈரப்பதனையும் சேர்த்த கணக்கு. 32 பாகையில் ஈரப்பதன் 70 வீதமென்றால் உடம்புக்கு ஏறக்குறைய 41 போல இருக்கும். அதுவே 40 வீதமென்றால் 33 போலத்தான்.

வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் கடல், உள்ளேயும் கடல்நீரேரி. சித்திரையில் சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்குமுன் காற்றும் விழுந்துவிட்டால் வேர்வை காய வழியே இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும்.

இரவில் அறை இன்னும் அவிகிறது என்றீர்களே, அதற்கு நீங்கள் யன்னலைப் பூட்டி, நிலத்தில் தண்ணீர் தெளித்து, ஈரச்சேலை தொங்கவிடுவதுதான் காரணமாக இருக்கும். வறண்ட ஊரில் அது உதவும். இங்கே ஈரத்தை அறைக்குள் அடைத்து வைப்பதுதான் மிச்சம்.

இப்படிப் பாருங்கள்:

1. கண்ணாடி வெப்பமானியின் குமிழில் நனைத்த பஞ்சைச் சுற்றி, ஃபானுக்கு முன்னால் பத்து நிமிடம் பிடியுங்கள். 32 இலிருந்து 27 அளவில் நின்றால் ஈரப்பதன் 70 வீதத்துக்குக் கிட்ட. 22 வரை இறங்கினால் 40 வீதம்தான்.

2. ஈரச்சேலையை எடுத்துவிட்டு, எதிரெதிர் யன்னல்களைத் திறந்து ஒரு இரவு படுத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: அந்த 41 நிழலுக்கான கணக்கு. நேர் வெயிலில் இன்னும் 8 பாகை வரை கூடலாம். உங்கள் அம்மம்மா வெயிலில் நின்று பேச்சுத் தடுமாறினாலோ மயங்கினாலோ உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.